நான்காம் வகுப்பில் பிள்ளைகள் என்ன கற்றிருக்க வேண்டும்? – வில்லியனூர், பாகூர் பெற்றோர்கள் கவனத்திற்கு



பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் குடும்பமே விழித்துக்கொள்கிறது. நான்காம் வகுப்பைப் பற்றி யாரும் பெரிதாக விசாரிப்பதில்லை. "சின்ன பிள்ளைதானே, போகப் போக வந்துவிடும்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் பலர் முதலில் தடுமாறுவது இந்த வயதில்தான்.

காரணம் எளிது. மூன்றாம் வகுப்பு வரை பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. நான்காம் வகுப்பிலிருந்து வாசித்துத்தான் மற்ற பாடங்களைக் கற்க வேண்டும். வாசிப்பு வராத பிள்ளைக்குக் கணக்கும் புரியாது, சூழ்நிலையியலும் புரியாது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 5 வரையுள்ள வகுப்புகளை ஆயத்த நிலை என்று தனியாகப் பிரித்திருக்கிறது. நான்காம் வகுப்பு அதன் நடுவில் இருக்கிறது.

நம் ஊர் பள்ளிகளில் எந்தப் பாடத்திட்டம்?

புதுச்சேரிக்கு என்று தனியாகக் கல்வி வாரியம் கிடையாது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகள் நீண்ட காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகளில் முதலில் சி.பி.எஸ்.இ. முறை வந்தது. பிறகு அது மேல் வகுப்புகளுக்கும் சென்றது. தனியார் பள்ளிகளில் சில இன்னும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. எனவே உங்கள் பிள்ளையின் பள்ளி எந்தப் பாடத்திட்டம் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என்.சி.இ.ஆர்.டி. 2025ஆம் ஆண்டு நான்காம் வகுப்புக்குப் புதிய புத்தகங்களை வெளியிட்டது. ஆங்கிலத்துக்கு 'சந்தூர்', கணக்குக்கு 'மேத்ஸ் மேளா', சூழ்நிலையியலுக்கு 'அவர் வொண்ட்ரஸ் வேர்ல்டு'. மூத்த பிள்ளையின் பழைய 'மேரிகோல்டு', 'மேத் மேஜிக்', 'லுக்கிங் அரவுண்ட்' புத்தகங்களைத் தம்பி தங்கைக்குக் கொடுக்கும் முன் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

புத்தகம் எதுவானாலும், ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை என்.சி.இ.ஆர்.டி. 2017ல் 'கற்றல் விளைவுகள்' என்ற பெயரில் பட்டியலிட்டது. கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி அதிலிருந்து, நம் வீட்டுப் பேச்சில் தரப்படுகிறது.

மொழி

- தெரியாத ஒரு சிறு கதையைத் தானாக வாசித்து, அதைத் தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும்.
- செய்தித் தலைப்பு, கடைப் பலகை, அறிவிப்பு ஆகியவற்றை வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.
- பார்த்த இடம், நடந்த நிகழ்ச்சி பற்றிச் சில வரிகள் எழுத வேண்டும். சிறு கடிதமோ தகவலோ எழுதத் தெரிய வேண்டும்.
- ஆங்கிலத்தில் முற்றுப்புள்ளி, காற்புள்ளி, கேள்விக்குறி, பெரிய எழுத்து ஆகியவற்றைச் சரியாகப் போட வேண்டும். அகராதியில் சொல்லைத் தேடத் தெரிய வேண்டும்.

மூன்றாம் வகுப்பு முடிவில் பிள்ளை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் புரிந்து வாசிக்க வேண்டும் என்பது, 2021 ஜூலையில் தொடங்கிய மத்திய அரசின் 'நிபுண் பாரத்' திட்டத்தின் இலக்கு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அதனால் தமிழ் வாசிப்பில் எண்ணிக்கை குறைந்தால் கவலைப்பட வேண்டாம். திக்காமல், பொருள் புரிந்து வாசிக்கிறதா என்று பாருங்கள்.

கணக்கு

- ஆயிரக்கணக்கான எண்களை வாசித்து எழுதுதல். 4,075ல் சுழியம் ஏன் வருகிறது என்று சொல்லத் தெரிதல்.
- இரண்டு இலக்க, மூன்று இலக்க எண்களைப் பெருக்குதல். ஒரு எண்ணை இன்னொரு எண்ணால் வகுத்தல்.
- கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கையும் அன்றாடக் கணக்கில் பயன்படுத்துதல்.
- கால், அரை, முக்கால் ஆகிய பின்னங்கள்.
- மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றுதல். எடை, கொள்ளளவு ஆகியவற்றை மதிப்பிடுதல்.
- கடிகாரத்தில் மணியும் நிமிடமும் பார்த்தல், 24 மணி முறை, இரண்டு நேரங்களுக்கு இடையே எவ்வளவு என்று கணக்கிடுதல்.
- சுற்றளவு, பரப்பளவு பற்றிய அறிமுகம். வட்டத்தின் மையம், ஆரம், விட்டம்.
- விவரங்களை அட்டவணையாகவும் பட்டை வரைபடமாகவும் போடுதல்.

இதில் பெரும்பாலானவை வீட்டிலேயே இருக்கின்றன. ரமலான் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸஹர் முடிவு காலை 5.04, இஃப்தார் மாலை 6.21 என்றால் நோன்பு எவ்வளவு நேரம்? 13 மணி 17 நிமிடம். நான்காம் வகுப்புப் பிள்ளை இதைத் தாளில் போட்டுச் சொல்ல வேண்டும். வில்லியனூர் ரயில் நிலையத்துக்குப் போனால் கால அட்டவணையில் 18.30 என்றிருப்பது மாலை ஆறரை என்று சொல்லட்டும். நான்கு மூலை உள்ள நிலம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். வேலி கட்ட எத்தனை மீட்டர் கயிறு? 40. கடையில் முக்கால் கிலோ என்றால் எத்தனை கிராம்? 750.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு 'குவார்ட்டர்' தெரியும், 'கால்' தெரியாது. வீட்டில் நாம் சொல்லும் கால் கிலோவும் புத்தகத்தில் உள்ள குவார்ட்டரும் ஒன்றுதான் என்று யாராவது சொல்லித்தர வேண்டும். அந்த வேலையை நாம்தான் செய்ய முடியும். தமிழ் வழியில் படித்த அம்மா "எனக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்று ஒதுங்க வேண்டியதில்லை. கணக்கைத் தமிழில் புரிந்துகொண்ட பிள்ளை ஆங்கிலத்திலும் போட்டுவிடும்.

சூழ்நிலையியல்

பூ, வேர், கனி, பறவைகளின் அலகு, நகம், மிருகங்கள் கூட்டமாக வாழும் முறை, குடும்ப உறவுகள், விவசாயம், கட்டடம் போன்ற தொழில்கள், உணவும் தண்ணீரும் வீட்டுக்கு வந்து சேரும் வழி, அன்றும் இன்றும் உள்ள வேறுபாடு, எளிய வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லுதல். இவைதான் பாடம்.

இதற்கு நம் கொம்யூன்களைவிட நல்ல வகுப்பறை ஏது? ஊசுடு ஏரியில் விதவிதமான அலகுள்ள பறவைகளைக் காட்டலாம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரில் நாற்று முதல் அரிசி வரை நேரில் பார்க்கலாம். பாகூர் ஏரிக்குத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக வருகிறது, சங்கராபரணி ஆற்றில் எந்த மாதத்தில் தண்ணீர் ஓடும் என்று நன்னாவிடமோ நன்னியிடமோ கேட்டு எழுதச் சொல்லுங்கள். சுல்தான்பேட்டை பள்ளிவாசலிலிருந்து வில்லியனூர் கடைத்தெருவுக்கு வழி வரையச் சொன்னால் வரைபடப் பாடம் முடிந்தது.

பாகூர் கல்விக்குப் பழைய ஊரும்கூட. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கிருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்கள் மானியமாக விடப்பட்டதை பாகூர் செப்பேடுகள் சொல்கின்றன. பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். தன் ஊர் மீது மதிப்பு வரும்.

பெயில் இல்லை என்பதால் ஏமாற வேண்டாம்

கல்வி உரிமைச் சட்டப்படி நான்காம் வகுப்பில் பிள்ளையை நிறுத்திவைக்க முடியாது. 2019ல் வந்த திருத்தமும் 5, 8 ஆகிய வகுப்புகளில்தான் அப்படிச் செய்ய அரசுகளுக்கு இடம் கொடுத்தது. ஆகவே அடுத்த வகுப்புக்குப் போனது மட்டும் கற்றுவிட்டதற்கு ஆதாரம் ஆகாது. 2024 டிசம்பரில் நடந்த தேசிய அளவிலான பராக் மதிப்பீடும் 3, 6, 9 ஆகிய வகுப்புகளுக்குத்தான் நடந்தது. நான்காம் வகுப்பில் வெளியிலிருந்து வந்து யாரும் சோதித்துச் சொல்லப் போவதில்லை.

இந்தியக் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட அசர் 2024 ஆய்வின்படி, அரசுப் பள்ளி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 44.8 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்பு அளவிலான பகுதியை வாசிக்க முடிந்தது. மீதிப் பேரும் ஒவ்வொரு வருடமும் பாஸ் ஆனவர்கள்தான்.

வீட்டில் பத்து நிமிடச் சோதனை

1. இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் பிள்ளை பார்க்காத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அதிலிருந்து இரண்டு கேள்வி கேளுங்கள்.
2. ஆங்கிலத்தில் எளிய நான்கு வரிகள் வாசித்து, தமிழில் பொருள் சொல்லட்டும்.
3. 63லிருந்து 28ஐக் கழிக்கட்டும். விடை 35.
4. 47ஐ 6ஆல் பெருக்கட்டும். விடை 282.
5. 758ஐ 6ஆல் வகுக்கட்டும். ஈவு 126, மீதி 2.
6. நேற்று நடந்ததை ஐந்து வரியில் எழுதட்டும்.

முதலாவதும் மூன்றாவதும் வரவில்லை என்றால் நான்காம் வகுப்புப் பாடத்தை மனப்பாடம் செய்யவைப்பதில் பயன் இல்லை. இரண்டாம் வகுப்புப் புத்தகத்துக்குத் திரும்பிப் போங்கள். தினமும் இருபது நிமிடம் சத்தமாக வாசிப்பு, பத்து நிமிடம் வாய்ப்பாடு. திட்டுவதும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் வேண்டாம்.

மாலையில் மக்தபுக்கும் டியூஷனுக்கும் போய் வரும் பிள்ளை களைத்திருக்கும். ஃபஜ்ருக்குப் பின் உள்ள நேரம் வாசிப்புக்கு நல்லது. மக்தபில் அரபி எழுத்துகளைச் சேர்த்து ஓதப் பழகிய பிள்ளைக்குத் தமிழும் ஆங்கிலமும் முடியாது என்று சொல்ல இடமில்லை. உஸ்தாதிடமும் பள்ளி ஆசிரியரிடமும் பேசுங்கள். பிள்ளை எங்கே திணறுகிறது என்பது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பெற்றோரின் உரிமை

கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள் இருக்க வேண்டும். பிள்ளையை அடிக்கக் கூடாது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்கு அழைத்தால் அம்மாக்கள் அவசியம் போங்கள். "மதிப்பெண் எவ்வளவு?" என்பதைவிட "என் பிள்ளைக்கு வகுத்தல் வருகிறதா? தானாக வாசிக்கிறதா?" என்று கேளுங்கள். ஆசிரியருக்கும் அந்தக் கேள்வி பிடிக்கும்.

இன்னொன்று: சிறுபான்மையினருக்கான மத்திய அரசின் பிரிமெட்ரிக் உதவித்தொகை 2022 முதல் 9, 10 ஆகிய வகுப்புகளுக்கு மட்டும்தான். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கித் தருவதாக யாராவது பணமோ ஆவணமோ கேட்டால் கொடுக்க வேண்டாம்.

நான்காம் வகுப்பில் ஏற்படும் இடைவெளி சிறியது. தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் சில மாதங்களில் அடைத்துவிடலாம், இன்ஷா அல்லாஹ். அதையே எட்டாம் வகுப்பில் கண்டுபிடித்தால் பிள்ளைக்கும் நமக்கும் பெரும் சுமை. இன்றிரவே ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.