கதிரை யாருக்கு? உள்ளூராட்சியில் மாற்றுத்திறனாளிகளின் இடம்

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. சக்கர நாற்காலி ஏறக்கூடிய சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு 1:12. அதாவது ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேணும். கண்டி டவுன்ல ஒரு கடை வாசலில் ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால், அதுக்கு 18 அடி சாய்தளம். திருகோணமலை வீதியில எந்தக் கடைக்கு முன்னால 18 அடி சும்மா கிடக்கு? "கண்டி மலை ஊர், இங்க இதெல்லாம் சரிவராது" என்று பேச்சு அங்கேயே முடிஞ்சிடும்.

மலை ஊரில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முடியாது என்பது உண்மை. அதனாலதான் எதை முதலில் மாற்றுவது என்று யாராவது தீர்மானிக்க வேண்டியிருக்கு. பஸ் நிலையமா, நூலகமா, ஆயுர்வேத மருந்தகமா, சந்தையா? அந்தத் தீர்மானத்தை எடுக்கிற மேசையில், படி ஏற முடியாத ஒருவருக்குக் கதிரை இருந்திருக்கிறதா? இந்தக் கேள்வியோடு எங்கட உள்ளூராட்சியின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால் சில விசயங்கள் தெளிவாகும்.

கண்டி மாநகர சபை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் பிறந்தது. கொழும்போடு சேர்ந்து நாட்டின் மிகப் பழைய மாநகர சபைகளில் ஒன்று. அந்தக் காலத்தில் சொத்தும் வருமானமும் உள்ள ஆண்களுக்குத்தான் வாக்கு. சுற்றியுள்ள கிராமங்களுக்கு 1871இல் வந்த கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம், பழைய கம்சபாவுக்குப் புது உயிர் கொடுத்தது. அந்தக் கிராம சபைகளின் வாக்குரிமையை விரிவாக்கத்தான் 1937இல் ஒரு திருத்தம் வந்தது. விரிவாக்கும்போதே தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளரை அது வெளியே நிறுத்திவிட்டது. கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் தலைமுறையாக இருந்தவர்கள், பக்கத்துக் கிராமத்து ரோட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல உரிமை இல்லாதவர்களானார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி நாங்கள் எல்லாரும் படிச்சிருக்கிறோம். அதுக்குப் பத்து வருசத்துக்கு முன்னாலேயே கிராம மட்டத்தில் கதவு சாத்தப்பட்டதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

"ஆலோசனைக் குழு" என்ற யோசனை எங்களுக்குப் புதுசு இல்லை. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது, அதுக்குக் கீழே கிராமோதய மண்டலம் என்று ஓர் அமைப்பு உருவானது. ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவிலும் இருக்கிற சங்கங்களின் தலைவர்கள் அதில் உறுப்பினர்கள். கிராம அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம், இப்படி. யோசனை நல்லதுதான். ஆனால் சங்கத் தலைவர் என்றால்தான் கதிரை. கூட்டத்துக்கே போக முடியாத ஒருவர் எந்தச் சங்கத்துக்குத் தலைவராக வந்திருப்பார்? அவரைப் பற்றிப் பேசவேண்டி வந்திருந்தால் "உதவி பெறுபவர்" என்ற பட்டியலில்தான் பேசியிருப்பார்கள்.

பிறகு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம். அதன் 12ஆம் பிரிவை ஒருதரம் வாசிச்சுப் பாருங்க. சபை குழுக்களை அமைக்கலாம்; அந்தக் குழுக்களில் உறுப்பினர்களோடு சேர்த்து அந்தப் பிரதேசத்தில் வசிக்கும் மற்றவர்களையும் போடலாம் என்று இருக்கு. வீடமைப்பு, சமூக அபிவிருத்தி, சூழல், வசதிகள் எல்லாமே இந்தக் குழுக்களின் வேலைக்குள் வரும். ஆக, கங்கவட்ட கோறளையிலோ யட்டிநுவரையிலோ பார்வையற்ற ஒருவரைக் குழுவில் உட்கார வைக்கப் புதுச் சட்டம் ஒன்றும் தேவையில்லை. "போடலாம்" என்றுதான் இருக்கு, "போட வேண்டும்" என்று இல்லை. யாரைப் போடுவது என்றும் சொல்லவில்லை. சபையில் பெரும்பான்மை வைத்திருக்கும் கட்சிக்கு அது வசதியான மௌனம்.

கட்டாயம் என்று எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கட வரலாற்றிலேயே உதாரணம் இருக்கு. தெற்கில் இளைஞர் கிளர்ச்சி அடக்கப்பட்டதற்குப் பிறகு, இளைஞர் ஆணைக்குழுவின் அறிக்கை வந்த 1990இல், உள்ளூராட்சி வேட்பாளர் பட்டியலில் 40 சதவீதம் இளைஞர்கள் என்று சட்டமானது. 2012இல் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. பெண்களுக்கு 25 சதவீதம் என்ற ஒதுக்கீடு 2018 தேர்தலில் முதல் தடவையாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் ஏறத்தாழ 2 சதவீதம்தான். இளைஞருக்கு வந்தது, பெண்களுக்கு வந்தது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதம், அதாவது சுமார் 16 இலட்சம் பேர், பார்க்க, கேட்க, நடக்க அல்லது வேறு ஏதாவது செய்யச் சிரமம் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு எந்தப் பட்டியலிலும் ஒரு வரி இல்லை.

சட்டமே இல்லை என்று சொல்லவும் முடியாது. 1988இல் அரச வேலைகளில் 3 சதவீதம் என்று சுற்றறிக்கை. 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் கொழும்பில் ஒரு தேசிய சபை. 2003இல் தேசியக் கொள்கை. 2006இல் பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள். பழைய கட்டடங்களைத் திருத்த மூன்று வருசம் கொடுத்தார்கள், பிறகு அந்தக் காலத்தையும் நீட்டினார்கள். 2016இல் ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தினோம். இடையில் பெயரும் மாறிக்கொண்டே வந்தது: அங்கவீனர், வலது குறைந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுத்திறனாளிகள். பெயரை மாற்ற பாதீட்டில் காசு ஒதுக்கத் தேவையில்லை, அதனால அது மட்டும் வேகமாக நடந்தது.

இவ்வளவு இருந்தும் ஏன் நகரவில்லை? எனக்குப் படுவது, பொறுப்பு மூன்று இடத்தில் பிரிஞ்சு கிடக்கிறது. 13ஆவது திருத்தத்தின் மாகாண சபைப் பட்டியலில், உடல், உளக் குறைபாடுள்ளோரின் புனர்வாழ்வும் நலன்புரியும் மாகாணத்துக்குரியது. மாதக் கொடுப்பனவு மத்திய அரசிலிருந்து பிரதேச செயலகம் வழியாக வரும். 2025 பாதீட்டில் அதை 10,000 ரூபாய் ஆக்கினார்கள். கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுப்பதும், கட்டி முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் கொடுப்பதும், நடைபாதை போடுவதும் மாநகர சபை அல்லது பிரதேச சபை. படியில் நிற்பவருக்கு இந்த மூன்றில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. ஒவ்வொரு கதவும் மற்றக் கதவைக் காட்டும்.

அப்படித் தட்டித் தட்டி உயர் நீதிமன்றம் வரை போனவர் கலாநிதி அஜித் பெரேரா. 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மேல் மரம் விழுந்து, அதுக்குப் பிறகு சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். வேதியியலாளர், கிரிக்கெட் நடுவரும்கூட. அவருடைய அடிப்படை உரிமை வழக்கில் 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், புதிய பொதுக் கட்டடங்கள் கழிப்பறை உட்பட எல்லாரும் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 2020இல் அவர் இறக்கும்வரை அந்தக் கட்டளையை நடைமுறைப்படுத்தச் சொல்லி எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு தனி மனிதர் நீதிமன்றத்தில் செய்ததை, ஒவ்வொரு சபையிலும் ஒரு குழு வரைபடம் மேசைக்கு வரும்போதே செய்திருக்கலாம். சீமெந்து இறுகின பிறகு சாய்தளம் கேட்பது எவ்வளவு செலவு என்று மேசன் வேலை தெரிந்த யாரிடமும் கேளுங்க.

தோட்டப்புறத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். லயன் வீட்டு வாசலில் படி, படிக்குக் கீழே கான், கானுக்கு அப்பால் மழைக்குச் சேறாகிற பாதை. 1987 சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டம் கம்பெனியின் இடம், அங்கே சபையின் பணத்தைச் செலவழிக்க முடியாது என்பதே வழக்கமான பதிலாக இருந்தது. வாக்கு இருக்கு, உறுப்பினரும் இருக்கிறார், ஆனா ரோடு போட முடியாது. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். ஆக, தோட்டத்தில் பிறந்து நடக்க முடியாத ஒருவர் 31 வருசமாக இரண்டு முறை வெளியே இருந்திருக்கிறார்: ஒன்று தோட்டத்தவராக, மற்றது மாற்றுத்திறனாளியாக. இரண்டாவது இன்னும் திறக்கவில்லை.

மற்ற நாடுகளில் இதை வெவ்வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். உகண்டாவின் 1997 உள்ளூராட்சிச் சட்டம் ஒவ்வொரு மட்டச் சபையிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு இரண்டு ஆசனம் ஒதுக்கியது, அதில் ஒருவர் பெண். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில், உள்ளாட்சி அமைப்புகள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கச் சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியது. ஊராட்சிகளில் மட்டுமே 12 ஆயிரத்துக்கும் மேல்.

எனக்கு அதிகம் பிடித்தது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஏற்பாடு. அங்கே எந்த ஊரும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணைக்குழு ஒன்றை அமைக்கலாம், அதன் உறுப்பினர்களில் பெரும்பான்மை மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும். அவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் வாகனத்தை நிறுத்தியவரிடம் அறவிடும் தண்டப்பணத்தை, ஊர் விரும்பினால் அந்த ஆணைக்குழுவுக்கே ஒதுக்கலாம். இடத்தைப் பறித்தவனின் காசு, இடம் இழந்தவருக்குத் திரும்பிப் போகுது. ஒரு சமூகத்திடமிருந்து வரும் பணம் அந்தச் சமூகத்துக்கே திரும்ப வேணும் என்ற யோசனையின் மிகச் சின்ன, மிகச் சுத்தமான வடிவம் இது.

இங்க அது முடியாதா? எங்கட உள்ளூராட்சிச் சபைகளின் வருமானத்தில் மதிப்பீட்டு வரி மட்டும் இல்லை. நீதிமன்றத் தண்டப்பணமும் முத்திரை வரியும் அவற்றுக்கு வந்து சேருகிறது. மதிப்பீட்டு வரி கட்டும் வீட்டுக்காரரில் மாற்றுத்திறனாளியும் இருக்கிறார். அதில் ஒரு பங்கைத் தனித் தலைப்பில் வைத்து, எங்கே செலவழிப்பது என்று 12ஆம் பிரிவுக் குழு ஒன்று ஆலோசனை சொல்லலாம்.

2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்து, தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6ஆம் திகதிதான் புதியவர்களைத் தெரிவு செய்தோம். 2024 நவம்பரில் பாராளுமன்றத்துக்கு முதல் தடவையாகப் பார்வையற்ற ஒருவர், சுகத் வசந்த த சில்வா, தேசியப் பட்டியலில் வந்தார். அது கட்சியின் தெரிவு. சட்டம் கேட்டு வந்ததல்ல.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 14 வேலை நாளுக்குள் பதில் முடிவு தர வேண்டும். உங்கட பிரதேச சபையின் தகவல் அலுவலருக்கு, தமிழிலேயே, மூன்று கேள்வி அனுப்பலாம்: 12ஆம் பிரிவின் கீழ் எத்தனை குழுக்கள் இருக்கு? அவற்றில் உறுப்பினரல்லாத குடியிருப்பாளர் எத்தனை பேர், அவர்களில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? அந்தக் குழு கூடுகிற அறை எத்தனையாவது மாடியில் இருக்கு?