சங்கு முத்திரைப் பெட்டியும் இரண்டு அவோமீட்டர்களும்

வால்வு ரேடியோக் காலத்துச் சோதனைக் கருவிகளுள் அவோமீட்டர் பேர்பெற்றது. ஆம்பியர், வோல்ட், ஓம் என்னும் மூன்று அளவுகளின் முதலெழுத்துகளே அப்பெயராயின. பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்டு மக்காடி வகுத்த இக்கருவி 1923-இல் வெளிவந்தது. மூன்று மீட்டர்கள் செய்யும் வேலையை ஒன்றே செய்தது. 1943 மார்ச் 12 அன்று திருவனந்தபுரம் வானொலி நிலையம் தொடங்கியபின், நாஞ்சில் நாட்டில் ரேடியோப் பெட்டியைப் பழுது பார்த்தோர் மேசையிலும் பள்ளி ஆய்வுக்கூடங்களிலும் இதனைக் காண முடிந்தது.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் இரண்டு அவோமீட்டர்கள் இருந்தன. ஒன்று, திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரை பொறித்த தேக்குப் பெட்டிக்குள் இருந்தது. மற்றது பெட்டியின்றித் தூசு படிந்து கிடந்தது. பெட்டியிலுள்ளது மகாராஜா காலத்துப் பொருள், காட்சிக்கு வைக்கத் தக்கது என்றும், மற்றதைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடலாம் என்றும் பலரும் கருதினர். பெட்டிக்கு இருக்கும் மதிப்பே மதிப்பு!

இருப்புப் பதிவேட்டில் கொல்லம் ஆண்டு 1120-க்குரிய பக்கத்தில் 'அவோமீட்டர் 1' என்றொரு பதிவு இருந்தது. அது 1944-45 ஆகும். பெட்டியிலிருந்த கருவியின் முகப்பிலோ 'மாதிரி 8' என்றிருந்தது. எட்டாம் மாதிரி 1951-இல்தான் வெளிவந்தது. ஆகவே, அப்பதிவு அதனைக் குறித்ததாக இருத்தல் இயலாது. தூசு படிந்து கிடந்ததோ ஏழாம் மாதிரி. அது 1936-இல் வந்தது. முகப்பெழுத்து மங்கினாலும் இவ்விரண்டையும் பொத்தானைக் கொண்டு பிரித்தறியலாம். ஏழில் அளவைப் பாதியாக்கும் பொத்தான் உண்டு; எட்டில் முள்ளின் திசையை மாற்றும் பொத்தான் உண்டு.

எட்டாம் மாதிரியின் வரிசை எண் 1057 என முடிந்தது. நம் பக்கத்தார் கண்ணுக்கு அது கொல்லம் ஆண்டாகவே தோன்றும். ஆசிரியர் ஒருவர் அவ்வாறே படித்தும் காட்டினார். கொல்லம் 1057 என்பது 1881-82. மக்காடியின் கருவி பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்! அந்த இலக்கங்கள் மாதத்தையும் ஆண்டையும் குறிப்பவை. பத்தாம் மாதம், 57-ஆம் ஆண்டு. அஃதாவது 1957 அக்டோபர். அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றே சென்னை மாநிலத்தோடு இணைந்துவிட்டன. மகாராஜா காலத்துக்கும் அக்கருவிக்கும் தொடர்பில்லை.

மாதிரியை அறிவது ஆண்டுக் கணக்கிற்கு மட்டும் உதவுவதன்று. ஏழாம் மாதிரி ஒரு வோல்ட்டுக்கு 500 ஓம் தடையுள்ளது. எட்டாவது நேர்மின்சாரத்தில் 20,000 ஓம். வால்வில் மின்சாரம் ஓடாத நிலையில், 200 வோல்ட் அழுத்தம் 2 லட்சம் ஓம் தடையின் வழியே அதன் தகட்டை அடைகிறது என்று கொள்வோம். ஏழாம் மாதிரியை 400 வோல்ட் அளவில் வைத்துத் தொட்டால், அதன் தடையும் 2 லட்சம் ஓம் ஆதலால், முள் 100-இல் நிற்கும். எட்டாவது, 250 வோல்ட் அளவில் ஏறத்தாழ 192 காட்டும். எந்த மீட்டரால் அளந்தது என்று கேளாமல் ரேடியோக் கம்பெனியின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டால், நல்ல வால்வையே கெட்டதென்று கழற்றிவிட நேரும். வால்வு மலிவான பொருளன்று.

எட்டாம் மாதிரியும் பலமுறை திருத்தம் பெற்றது. முற்பட்டவற்றில் 2.5, 10, 25 என்று வரும் வோல்ட் அளவுகள் பிற்பட்டவற்றில் 3, 10, 30 என மாறின. ஏழாம் மார்க் வரை வந்து, 2008-இல் உற்பத்தி நின்றது.

பதிவேட்டில் புதிதாக மூன்று வரிகள் எழுதச் செய்தேன்: அவோமீட்டர், மாதிரி 7, கொல்லம் 1120-இல் பதிந்தது, அவோமீட்டர், மாதிரி 8, 1957 அக்டோபரில் செய்தது, தேக்குப் பெட்டி, சங்கு முத்திரையுடன், தனி.