வீசா இல்லாத கடல்: குச்சவெளிக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

வெளிநாட்டுப் பயணம் ஒன்றைத் திட்டமிடும் ஒருவர் இன்று முதலில் வினவுவது, 'அந்நாட்டுக்கு வீசா வேண்டுமா?' என்பதே. 'வேண்டியதில்லை' என விடை வருமாயின் அவர் மகிழ்கின்றார். விசாரணையையும் அத்துடன் நிறுத்திக் கொள்கின்றார். உண்மையில் விசாரணை தொடங்க வேண்டிய இடம் அதுவே. வீசா வேண்டாம் என்று சொல்பவர் யார்? யாருக்குச் சொல்கின்றார்? எத்தனை நாளைக்கு? எக்காரியத்துக்கு? சொன்னதை மீளப் பெற அவருக்கு உரிமை உண்டா? இவ்வினாக்களைக் கேளாது விட்டதனால் ஒரு சமூகமே நாடற்றதாய் நின்ற கதை நமது கடலுக்கு உண்டு. அக்கதையைக் கீழ்க்கரையிலுள்ள குச்சவெளியில் நின்று நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி வழியாக வடக்கே செல்லும் கரையோரப் பாதையில், முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிக தொலைவில் உள்ளது குச்சவெளி. தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் கடற்றொழிற் கிராமம் அது. இங்குள்ள பாறையிலே வடமொழிச் சாசனம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. இதற்கு வடக்கேயுள்ள திரியாயின் குன்றில், கிரந்த எழுத்தில் அமைந்த மற்றொரு வடமொழிச் சாசனம் உண்டு. அங்குள்ள பௌத்த தலத்தைத் திரபுசர், வல்லிகர் என்னும் வணிகக் கூட்டத்தாருடன் அச்சாசனம் தொடர்புபடுத்துகின்றது. கடல் கடந்து வந்த வணிகரின் நினைவு கல்லிலே பதியும் அளவுக்கு இக்கரை வெளியுலகத்துக்குத் திறந்திருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

ஆயினும் பண்டைக் காலத்தைப் பொற்காலமாக்கிக் காண்பது நமது நோக்கமன்று. நமக்கு அணித்தான காலமாகிய பிரித்தானியர் காலத்தையே எடுத்துக்கொள்வோம். திருகோணமலையிற் பிறந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளை (1863-1922) சென்னைக்குச் சென்று கற்று, அங்கேயே தமிழ்ப்பணி புரிந்தார். அவருடைய தம்பியாராகிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி' என்னும் வரலாற்று நாவலை 1895ஆம் ஆண்டில் சென்னையிலே வெளியிட்டார். இச்சகோதரர்கள் கடல் கடந்தபோது அவர்களிடம் கடவுச்சீட்டை எவரும் கேட்டிலர். வீசா என்ற சொல்லை அவர்கள் அறிந்திருக்கவும் நியாயமில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டியோடு இணைந்த கப்பற்சேவை தொடங்கியதும், சென்னையிற் பயணச்சீட்டு வாங்கியவர் கொழும்பில் வந்திறங்குதல் எளிதாயிற்று.

இவ்வெளிமைக்குக் காரணம் யாது? எல்லை இல்லாமையன்று. 1802 முதல் இலங்கை சென்னை மாகாணத்தினின்றும் வேறான முடிக்குரிய குடியேற்றநாடாகவே ஆளப்பட்டது. சட்டமும் சுங்கமும் வேறு, ஆளுநரும் வேறு. இருகரையாரும் ஒரே முடியின் குடிமக்களாகக் கருதப்பட்டமையே வீசா இல்லாமைக்குக் காரணம். அதனை மக்களின் பிறப்புரிமை என்பதிலும், பேரரசின் வசதிக்கு அமைந்த ஏற்பாடு என்பதே பொருந்தும். கோப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் வேண்டிய ஆட்கள் தடையின்றி வரவேண்டும் என்பது ஆள்வோரின் தேவையாக இருந்தது.

அவ்வேற்பாட்டிலும் நிபந்தனைகள் இருந்தன. தோட்டத் தொழிலாளராய் வந்தோர் நோய்த் தடுப்பின் பொருட்டு மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டனர். கற்றோரும் வணிகரும் கப்பலேறிச் செல்ல, உழைப்போர் முகாமிலே காத்திருந்தனர். 1939இல், இலங்கை அரசு இந்தியத் தொழிலாளரை வேலை நீக்கியதற்கு எதிர்ச்செயலாக, உடலுழைப்பாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. ஆகவே, வீசா இல்லாத காலத்திலும் 'யார், எதற்காக' என்னும் வினா இருந்தே வந்தது எனலாம்.

சுதந்திரத்தின் பின்னர் நிலைமை விரைந்து மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் யார் இந்நாட்டவர் என்பதை வரையறுத்தது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் யார் உள்ளே வரலாம் என்பதை வரையறுத்தது. பின்னது 1949 நவம்பர் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அன்று தொட்டு, பாக்குநீரிணையைக் கடப்போருக்குக் கடவுச்சீட்டும் வீசாவும் வேண்டியதாயின. ஓர் இரவில் கடல் அகலவில்லை. ஆயின், அதனைக் கடப்பதன் பொருள் மாறிவிட்டது.

இவ்விடத்திலேதான் நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி உண்டு. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ்ப் பிரசாவுரிமை கோரியவர், 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன்னர் தொடர்ச்சியாக இங்கு வதிந்தமையை நிறுவவேண்டியிருந்தது. மணமானவராயின் ஏழாண்டு, மணமாகாதவராயின் பத்தாண்டு. இடையிலே ஒருமுறை பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நாட்டைவிட்டு நீங்கியிருப்பின் அத்தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. எப்போது வந்தீர், எப்போது சென்றீர், எப்போது மீண்டீர் என்பவற்றுக்குச் சான்று காட்டும் பொறுப்பு விண்ணப்பகாரரின் தலைமீது சுமத்தப்பட்டது.

சான்று எங்கிருந்து வரும்? கடவுச்சீட்டு வேண்டாத காலத்தில் வந்தவனிடம் முத்திரை இராது. வரவைப் பதியாத அரசு, வரவின் பதிவைக் கேட்டது. தாய் இறந்தாள் என்றோ, தங்கைக்குத் திருமணம் என்றோ ஊருக்குச் சென்று, பயிர் அறுவடை முடியும்வரை தங்கி மீண்டவன், தான் வதிவிடத்தையே முறித்துக் கொண்டிருப்பதை அறிந்திலன். நேற்றுவரை சலுகையாயிருந்த ஆவணமின்மை இன்று குறைபாடாயிற்று. ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் பொருட்டுச் சமர்ப்பிக்கப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே அச்சட்டத்தின்கீழ்ப் பிரசாவுரிமை கிடைத்தது. விண்ணப்பங்கள் தள்ளப்பட்டமைக்கு அரசியலும் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அவ்வரசியலுக்குக் கருவியாய் உதவியது இல்லாத காகிதமே.

இக்காலத்திற் பரவிய சொல்லொன்று 'கள்ளத்தோணி' என்பது. சட்டத்துக்கு மாறாகக் கடல் கடந்த படகைச் சுட்டிய அச்சொல், காலக்கிரமத்தில் மலையகத் தமிழர் அனைவரையும் இழித்துரைக்கும் வசையாயிற்று. அவர்களுட் பெரும்பாலாரின் முன்னோர் வந்தது எத்தடையும் இல்லாத காலத்திலே. பேரரசின் அழைப்பின் பேரிலே. 1952இலிருந்து கரையோரக் காவலுக்கு இராணுவமும் அமர்த்தப்பட்டது. 1954 ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் செய்துகொண்ட உடன்படிக்கையிலும் சட்டவிரோதக் குடிவரவைத் தடுத்தலே முதலிடம் பெற்றது. தலைமுறைகளாய் இரு கரைக்கும் பொதுவாயிருந்த கடலில், படகும் வலையும் சந்தேகத்துக்கு உரியனவாயின.

1964 ஒக்டோபர் 30இல் ஏற்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரைத் தொகை பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவு செய்யப்படுவதற்கு. அந்த எச்சம் 1974இல் இரு நாடுகளாலும் சரிபாதியாகப் பகிரப்பட்டது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் கழியுமுன், அந்த ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதி திருகோணமலைக் கரையைச் சூறாவளி தாக்கியது. அதே சூறாவளி பாக்குநீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. சட்டத்தால் முன்னரே ஒடுங்கியிருந்த பழைய வழி, இயற்கையாலும் அழிந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வதிந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இலேயாம்.

இனி, மேற்றிசை நோக்குவோம். இலங்கையின் மாணவரும் கற்றோரும் இலண்டனுக்கு வீசா இன்றிச் சென்ற காலம் ஒன்றிருந்தது. பொதுநலவாயத்தின் குடிமக்கள் என்ற முறையிற் கிடைத்த அவ்வசதி, 1962ஆம் ஆண்டின் பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டத்தால் முதலிற் சுருங்கியது. குடியேறவும் தொழில் புரியவும் கட்டுப்பாடு வந்தது. உலாச் செல்வோருக்கு வீசா வேண்டியிருக்கவில்லை. 1983இன் வன்செயல்களுக்குப் பின்னர்த் தமிழர் அடைக்கலம் நாடி அங்கே சென்றபோது, அந்த எச்சமும் நீக்கப்பட்டது. 1985 மே மாதத்தில் இலங்கையருக்கு வீசா கட்டாயமாக்கப்பட்டது. பொதுநலவாய நாடொன்றின் மக்கள்மீது பிரித்தானியா இவ்வாறு விதித்தது அதுவே முதன்முறை. 1987இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், தக்க ஆவணமில்லாதோரை ஏற்றிவரும் விமானக் கம்பனிகளுக்குத் தண்டப்பணம் விதித்தது. அதன் விளைவாக, எல்லை இலண்டனிலிருந்து பெயர்ந்து கட்டுநாயக்காவின் பயணச்சீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது எனலாம். தேவை மிகும் வேளையிலேதான் வீசா விலக்கு மீளப்பெறப்படும் என்னும் கசப்பான உண்மையை அந்த ஆண்டுகள் நமக்குக் கற்பித்தன.

அதே ஆண்டுகளிற் கடலின் போக்கும் திரும்பியது. திருகோணமலை மாவட்டத்தினின்றும் மக்கள் தமிழகம் நோக்கிப் படகேறினர். முன்னர்த் தொழிலாளரைத் தடுத்துவைத்த மண்டபம், இப்போது எதிர்த்திசையிலிருந்து வந்த ஏதிலியரை ஏற்கும் முகாமாயிற்று. உயிர் காக்க ஓடியோர் வீசா பெற்று ஓடுவதில்லை. ஆயினும், இந்தியக் குடியுரிமைச் சட்டத்துக்கு 2003இற் செய்யப்பட்ட திருத்தம், தக்க ஆவணமின்றி வந்தோரைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற வகையுள் அடக்கியது. முகாமிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அதன் நிழலிலே வாழ நேர்ந்தது. 2015 ஜனவரி 9ஆந் திகதிவரை வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் வீசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டெம்பரில் இந்திய அரசு விலக்களித்தது. தண்டனையிலிருந்து விலக்கு வேறு, குடியுரிமை வேறு. எண்பது ஆண்டுகளுக்கு முன் மலையகத்தார் அறியாது விட்ட வேறுபாடும் இத்தகையதே.

இவ்வரலாற்றினின்று, இன்று பயணம் புறப்படுவோர் கொள்ளத்தக்க பயன் யாது? முதலாவது, சொற்களைப் பிரித்தறிதல். வீசா விலக்கு, வந்திறங்குமிடத்து வீசா, மின்னணு முறையிற் பெறும் முன்னனுமதி, கட்டணமில்லா வீசா என்பன நான்கும் வெவ்வேறானவை. 2023 ஒக்டோபரில் இலங்கை அரசு இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டவருக்கு, 2024 மார்ச் 31 வரை, பரீட்சார்த்தமாக அறிவித்த சலுகையைப் பலர் 'வீசா வேண்டாம்' என்றே விளங்கிக் கொண்டனர். உண்மையில் நீக்கப்பட்டது கட்டணம் மாத்திரமே. விண்ணப்பமும் அனுமதியும் நீக்கப்படவில்லை. 2015இல் இலங்கையருக்கு இந்தியா அறிவித்த சுற்றுலா வசதியும் முன்கூட்டி மின்னணு முறையில் அனுமதி பெறுவதாகவே அமைந்தது.

இரண்டாவது, நுழைதல் வேறு, தங்குதல் வேறு, தொழில் புரிதல் வேறு என்பதாகும். வீசா இன்றி நுழைய இடமளிக்கும் நாடு, குறித்த நாட்களுக்கு, குறித்த நோக்கத்துக்கே இடமளிக்கின்றது. சுற்றுலாவின் பெயரால் நுழைந்து கூலிக்கு உழைக்கச் செல்லும் இளைஞர், முகவரின் வாய்மொழியை நம்பிச் சட்டத்துக்குப் புறம்பாகின்றனர். கடவுச்சீட்டின் செல்லுபடிக் காலம், திரும்பும் பயணச்சீட்டு, கைச்செலவுக்கான பணம் ஆகியவற்றை எல்லையில் உள்ள அதிகாரி வினவலாம். மனநிறைவு பெறாவிடின் திருப்பி அனுப்பவும் செய்யலாம்.

மூன்றாவதே தலையாயது. வீசா கேளாத இடத்திலும் பயணி தன் வரவுக்கும் செலவுக்கும் சான்று வைத்திருத்தல் வேண்டும். முத்திரை தெளிவாகப் பதிந்துள்ளதா என நோக்குதலும், பயணச்சீட்டைப் பேணுதலும் அற்பக் காரியங்களாகத் தோன்றலாம். ஏழாண்டு வதிவிடத்தை நிறுவ ஒரு துண்டுக் காகிதமின்றி நின்ற மனிதனை எண்ணிப் பார்ப்போருக்கு அவை அற்பமாகத் தோன்றா.

2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது. பழைய வழி திறந்தது கண்டு மகிழ்ந்தோம், மகிழ்தல் தகும். ஆயினும் அக்கப்பலில் ஏறுபவர் கனகசுந்தரம்பிள்ளையின் காலத்துக் கடலைக் கடக்கவில்லை. அவர் கடப்பது இரண்டு அரசுகளின் விதிகளை. குச்சவெளிக் கரையில் நின்று நோக்குவார்க்கு அக்கடல் இன்றும் தடையற்றதாகவே தோற்றும். அத்தோற்றத்தை நம்பியவர்க்கு நேர்ந்ததை வரலாறு எழுதி வைத்துள்ளது. புறப்படுமுன் அதனை வாசித்தல் நம் கடன்.