இரண்டே இரண்டு மரைச் சுற்றுகள்

சைக்கிளின் ஹேண்டில்பார் இடமும் வலமும் இலகுவாகத் திரும்பக் காரணம், பிரேமின் முன்குழாயில் இருக்கும் ஹெட்செட். குழாயின் மேலும் கீழும் அழுத்திப் பொருத்திய கிண்ணங்கள், அவற்றில் உருளும் குண்டுகள், ஃபோர்க்கின் தண்டில் திருகும் கோன், அதற்கு மேல் ஒரு பூட்டு நட்டு. அவ்வளவுதான்! ஆனால் இந்தச் சின்ன நட்டுக்குள் ஒரு பெரிய வியாபார வரலாறு இருக்கிறது.

1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சைக்கிளை அறிமுகப்படுத்தினார். இன்றைய சைக்கிளின் முன்னோடி அதுதான். அதன்பின் கம்பெனிகள் பெருகின, அளவுகளும் பெருகின. காலப்போக்கில் பிரிட்டனில் ஃபோர்க் தண்டுக்கு 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரைச் சுற்றுகள் என்பது பொது அளவானது. பிரான்சில் 25 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி.

இதில் சேராமல் நின்றது ராலே. ஃபிராங்க் பவுடன் 1888இல் நாட்டிங்காமில் நிறுவிய கம்பெனி இது. அதன் மரை 26! இரண்டு சுற்றுதான் வித்தியாசம். ஆனால் 24 நட்டு 26 தண்டில் சிறிது ஏறியதும் இறுகிவிடும். வலுக்கட்டாயமாகத் திருகினால் மரை நாசமாகும், ஃபோர்க்கும் வீணாகும்.

ராலே தனக்கு வேண்டிய பாகங்களில் பெரும்பாலானவற்றைத் தானே தயாரித்தது. எனவே பொது அளவுக்கு மாற வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. உதிரிபாகம் தேவைப்பட்டால் வாடிக்கையாளர் ராலேயிடமே திரும்பி வந்தாக வேண்டும். 1932இல் ஹம்பர் சைக்கிளும் 1943இல் ரட்ஜும் ராலே வசமாயின. பெயர் வேறாக இருந்தாலும், நாட்டிங்காமில் தயாரான அந்த சைக்கிள்களுக்கும் 26 மரையே வந்தது.

1960இல் ராலே, டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் இணைந்தது. 1949இல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய அதே பிரிட்டிஷ் நிறுவனம்தான் அது. அதற்குப் பிறகும் நாட்டிங்காமின் சாதாரண மாடல்களில் 26 மரை மாறவில்லை. ஆனால் ராலேக்குச் சொந்தமான கார்ல்டன் பட்டறையின் பந்தய சைக்கிள்களில் இருந்தது 24! பந்தய வீரர்கள் பல கம்பெனிப் பாகங்களைக் கலந்து மாட்டுபவர்கள். அவர்களிடம் தனி அளவு விலை போகாது.

1990களில் மரையே இல்லாத ஹெட்செட் பரவியது. 2002இல் நாட்டிங்காமில் உற்பத்தி நின்றது. ஆனால் பழைய ராலே சைக்கிள்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றைப் புதுப்பிப்பவர்கள் முதலில் மரை அளவியை வைத்துப் பார்க்க வேண்டும். குண்டுகளைத் தாராளமாக மாற்றலாம். அழுத்திப் பொருத்தும் கிண்ணங்களையும், விட்டமும் வளைவும் ஒத்துப்போனால் மாற்றலாம். திருகும் கோனையும் பூட்டு நட்டையும் மட்டும் பத்திரமாகக் காப்பாற்ற வேண்டும். தொலைந்தால் பழைய சைக்கிள்களிலிருந்து கழற்றிய பாகத்தைத் தேட வேண்டும், இல்லையேல் ஃபோர்க்கையே மாற்ற வேண்டும்.

தனி அளவினால் வந்த லாபம் கம்பெனிக்குப் போனது. தொழிற்சாலை மூடிய பிறகு அதன் செலவு மட்டும் சைக்கிள் வைத்திருப்பவர் தலையில் விழுந்தது. இன்று தனக்கென ஒரு தனி சார்ஜர், தனி கார்ட்ரிட்ஜ் என்று விற்கும் பொருளை வாங்கும் முன், அந்தக் கம்பெனி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.