கணவன் அல்லது மனைவிக்கு வேலை போயிடுச்சா? ஒரே சம்பளத்தில் சமாளிப்பது எப்படி? முதல் 30 நாளில் செய்ய வேண்டியவை

ரெண்டு பேர் சம்பளத்தை நம்பி வாடகை, இஎம்ஐ, ஸ்கூல் ஃபீஸ் என எல்லாத்தையும் திட்டமிட்ட வீட்டில், ஒருத்தருக்குத் திடீர்னு வேலை போனா என்ன ஆகும்? ஐடி நிறுவனமோ, பனியன் கம்பெனியோ, தனியார் பள்ளியோ, நிலைமை ஒன்றுதான். வருமானம் பாதியாகிடும், செலவு மட்டும் அப்படியே நிற்கும்.

"அடுத்த மாசம் வேற வேலை கிடைச்சிடும்" என்ற நம்பிக்கையில், பழைய செலவையே கிரெடிட் கார்டில் ஓட்டுகிற குடும்பங்கள் நிறைய. சேமிப்பு வேகமாகக் கரைவது இங்கேதான். முதல் மாதத்திலேயே சில முடிவுகளை எடுத்துட்டா, வேலை தேட கூடுதலாகச் சில மாதங்கள் கிடைக்கும். என்ன செய்யணும்? விரிவாகப் பார்க்கலாம்.

எத்தனை மாதம் தாங்கும்?

முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். உதாரணமாக, ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 45,000 ரூபாய், இன்னொருவருக்கு 32,000 ரூபாய் சம்பளம் என வைத்துக்கொள்வோம். 45,000 ரூபாய் வேலை போய்விட்டது. மாதச் செலவு 61,000 ரூபாய். அப்படியென்றால் மாதம் 29,000 ரூபாய் துண்டு விழும். கையிருப்பு 1,60,000 ரூபாய் இருந்தால், ஐந்தரை மாதத்தில் காலி.

இதில் ஹோட்டல் சாப்பாடு, ஓடிடி, ஆன்லைன் ஷாப்பிங், பெட்ரோல், மளிகை என எல்லாத்திலும் சேர்த்து 9,000 ரூபாய் குறைத்தால், பற்றாக்குறை 20,000 ஆகிவிடும். அதே பணம் 8 மாதம் வரும். 9,000 ரூபாய் சின்னத் தொகையாகத் தெரியலாம். ஆனால் அது வாங்கித் தருவது இரண்டரை மாத அவகாசம்.

கம்பெனியிடம் இருந்து என்னென்ன வரணும்?

கடைசி மாதச் சம்பளம், மீதமுள்ள விடுப்புக்கான பணம், கிராஜுவிட்டி ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்க. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டு நீக்கினாலும் ராஜினாமா செய்தாலும் சம்பள பாக்கியை 2 வேலை நாட்களுக்குள் கொடுக்கணும். நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டு சர்வீஸ் இருந்தால் கிராஜுவிட்டி உண்டு. ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்பது கணக்கு.

"நீங்களே ராஜினாமா கடிதம் கொடுத்துடுங்க" என்று சொன்னால் உடனே கையெழுத்து போட வேண்டாம். ஆட்குறைப்பு என்றால், சட்டப்படி தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவருக்கு நோட்டீஸ் காலமும் இழப்பீடும் உண்டு. தானாக ராஜினாமா செய்ததாகப் பதிவானால் அந்த இழப்பீட்டைக் கேட்பது கஷ்டம்.

இஎஸ்ஐ இருந்ததா? இதைப் பாருங்க

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்பட்டவர்களுக்கு 2018-ல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம் இருக்கு. வேலை இழந்தவருக்கு சராசரி தினசரி சம்பளத்தில் 50 சதவீதம், அதிகபட்சம் 90 நாட்களுக்குக் கிடைக்கும். வாழ்நாளில் ஒரு முறை மட்டும்தான். குறைந்தது 2 ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்கணும், சந்தா நாட்களுக்கும் நிபந்தனை உண்டு. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்குக் கிடைக்காது. இந்தத் திட்டத்தை அவ்வப்போது நீட்டித்து வருகிறார்கள் என்பதால், பக்கத்தில் உள்ள இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் இப்போதைய நிலவரத்தைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

மருத்துவக் காப்பீடு: தள்ளிப்போடக் கூடாத விஷயம்

கம்பெனி கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் பொதுவாக வேலையோடு முடிந்துவிடும். அப்பா, அம்மா, குழந்தைகள் எல்லாம் அந்த பாலிசியில்தான் இருக்காங்கன்னா, ஒரு ஆஸ்பத்திரி பில் மொத்த சேமிப்பையும் காலி செய்துவிடும்.

வேலையில் இருப்பவரின் கம்பெனி பாலிசியில் குடும்பத்தைச் சேர்க்க முடியுமா என ஹெச்ஆரிடம் கேளுங்க. முடியாது என்றால், பழைய குரூப் பாலிசியை அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசியாக மாற்ற, பாலிசி முடிவதற்குள் விண்ணப்பியுங்க. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் வந்துவிட்ட தமிழ்நாட்டுக் குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர விண்ணப்பிக்கலாம்.

இஎம்ஐ கட்ட முடியலைன்னா?

தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போகணும். கடன் காலத்தை நீட்டித்து இஎம்ஐ-யைக் குறைக்க முடியுமா என எழுத்துபூர்வமாகக் கேளுங்க. மொத்த வட்டி கூடும், ஆனால் மாதச் சுமை குறையும். 90 நாட்களுக்கு மேல் நிலுவை இருந்தால் அது வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு பேசுவது சிரமம். கடன் வாங்கும்போது சேர்த்து விற்ற காப்பீட்டு பாலிசியையும் எடுத்துப் படியுங்க. சிலவற்றில் வேலை இழப்பின்போது சில தவணைகளைக் கட்டும் வசதி இருக்கும்.

கிரெடிட் கார்டில் மினிமம் மட்டும் கட்டுவது ஆபத்து. மாதம் 3.5 சதவீத வட்டி என்றால், 50,000 ரூபாய் நிலுவைக்கு வட்டி மட்டும் 1,750 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி வேற. அவசரம் என்றால் வங்கி நகைக்கடன் இதைவிட மலிவு. சீட்டு போட்டிருந்தால், தள்ளி எடுத்துச் செலவு செய்வதில் கவனம் தேவை. பணம் தீர்ந்த பிறகும் மீதி மாதங்களுக்குத் தவணை கட்டியே ஆகணும்.

பிஎஃப் பணத்தை எடுக்கலாமா?

வேலை இழந்தவர் பிஎஃப் தொகையில் 75 சதவீதத்தை எடுக்க வழி இருக்கு. மீதி 25 சதவீதத்துக்கான காத்திருப்பை 2 மாதத்தில் இருந்து 12 மாதமாக உயர்த்த, இபிஎஃப்ஓ மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. சர்வீஸ் 5 ஆண்டுக்குள் இருந்து பெரிய தொகையை எடுத்தால் பொதுவாக வரிப் பிடித்தமும் உண்டு. வயதான காலத்துப் பணம் என்பதால், கையிருப்பும் எஃப்டியும் தீர்ந்த பிறகு, தேவையான அளவு மட்டும் எடுப்பது நல்லது.

இன்னொன்று, ஆண்டின் நடுவில் வேலை போயிருந்தால் பிடித்த டிடிஎஸ் அதிகமாக இருக்கலாம். 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான சம்பள வருமானத்துக்கு வரி இல்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அந்தப் பணம் திரும்ப வரும்.

வீட்டுக்குள் பேச வேண்டியது

வேலை போனதைச் சொந்தக்காரங்ககிட்ட மறைக்கப் போய், விசேஷத்துக்குப் பழையபடி மொய், புதுத்துணி என்று செலவு செய்வது பல வீடுகளில் நடக்கிறது. நெருங்கியவர்களிடம் சொல்லிவிட்டால் அந்த அழுத்தம் குறையும், தெரிந்தவர்கள் மூலம் வேலையும் வரலாம். பிள்ளைகளுக்கும் வயதுக்கு ஏற்ற மாதிரி சொல்லலாம்.

வேலை தேடுபவர் பஸ் கட்டணத்துக்கும் போன் ரீசார்ஜுக்கும் ஒவ்வொரு முறையும் கை நீட்டும் நிலை வரக்கூடாது. மாதத் தொடக்கத்திலேயே 1,500 ரூபாயோ 2,000 ரூபாயோ, கணக்குக் கேட்காமல் அவர் கையில் கொடுத்துடுங்க. பகலில் வீட்டில் இருப்பவர் சமையல், பிள்ளைகளைக் கூட்டி வருவது என வேலைகளை எடுத்துக்கொண்டால், சம்பாதிப்பவரின் சுமையும் குறையும், வேன் கட்டணம் போன்ற செலவும் மிச்சமாகும்.

மாதம் ஒரு நாள், ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கையிருப்பைப் பாருங்க. மூன்றாவது மாதமும் வேலை கிடைக்கவில்லை என்றால், குறைந்த வாடகை வீடு, பகுதி நேர வேலை, கொஞ்சம் குறைந்த சம்பளம் போன்ற பெரிய முடிவுகளைப் பேச அதுதான் நேரம். பணம் கையில் இருக்கும்போது எடுக்கும் முடிவை நிதானமாக எடுக்கலாம். தீர்ந்த பிறகு கந்துவட்டிக்காரர்தான் முடிவு செய்வார்.