நார்வே படுகொலை: 'கூப்பிட்டா வருவோம்'னு காத்திருக்காத அரசு... மனக்காயம் ஆறியதா?

2011 ஜூலை 22. ஒரே நாளில் 77 உயிர்கள். நார்வே தலைநகர் ஓஸ்லோவில் அரசு அலுவலக வளாகத்தில் வேன் குண்டு வெடித்து 8 பேர் பலி. அடுத்த சில மணி நேரத்தில் உட்டோயா தீவில், தொழிலாளர் கட்சியின் இளைஞர் முகாமில் துப்பாக்கிச்சூடு. அங்கே 69 பேர். பெரும்பாலும் டீன் ஏஜ் பிள்ளைகள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து நார்வேயில் வளர்ந்த கம்ஷாஜினி குணரத்னம் அன்று ஏரியில் நீந்தி உயிர் தப்பியவர். பின்னாளில் ஓஸ்லோவின் துணை மேயர் ஆனார்.

என்ன சிக்கல்?

முகாமுக்கு நாடு முழுவதும் இருந்து வந்திருந்தார்கள். தப்பியவர்கள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். ஓஸ்லோவில் மட்டும் ஆலோசனை மையம் திறந்து என்ன பயன்?

அதனால் பொறுப்பு உள்ளூர் நகராட்சிகளிடம் போனது. தப்பியவர், உறவைப் பறிகொடுத்த குடும்பம் என ஒவ்வொருவருக்கும் ஒரு தொடர்பாளர். குறைந்தது ஓராண்டுக்கு அவரே போன் பண்ணி விசாரிக்க வேண்டும். சில வாரங்களில், 3 மாதத்தில், ஓராண்டில் என மனநிலையைக் கேட்டறியவும் ஏற்பாடு.

ஏன் தேடிப் போகணும்? அதிர்ச்சிக்கு ஆளானவர் அந்த நினைவைத் தூண்டும் எதையும் தவிர்ப்பார். மருத்துவரிடம் போவதும் அதில் சேர்த்திதான். 'நல்லாத்தான் இருக்கேன்' என்பார். ராத்திரி தூக்கம் இருக்காது, படிப்பு சறுக்கும். உட்டோயா பிள்ளைகள் பலருக்கு மதிப்பெண் குறைந்தது.

தேடிப் போவது வேறு, தோண்டிக் கேட்பது வேறு. நடந்ததை உடனே சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்கிறது உலக சுகாதார அமைப்பு. பாதுகாப்பு, சாப்பாடு, சொந்தக்காரர்கள் எங்கே என்ற தகவல், பேச விரும்பினால் கேட்க ஒரு காது. முதலில் இவ்வளவுதான்.

ஆகஸ்ட் மாதமே குடும்பங்களும் தப்பியவர்களும் தீவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். பிள்ளை எந்த இடத்தில் விழுந்தான் என்று பார்த்தாக வேண்டும் என்பது பெற்றோர் பலரின் தவிப்பு.

கரையில் இருந்தவர்கள்?

தண்ணீரில் தத்தளித்தவர்களைச் சொந்தப் படகில் போய்த் தூக்கி வந்தவர்கள் அக்கம்பக்கத்து மக்கள். காயம் அவர்களுக்கும்தான். எதிர்க்கரையில் பாறையைப் பிளந்து நினைவுச்சின்னம் எழுப்பும் திட்டம் வந்ததும், 'தினமும் இதைப் பார்த்துட்டு எப்படி வாழ்றது?' என்று எதிர்த்தார்கள். 2017-ல் அரசு அதைக் கைவிட்டது. படகுத்துறையில் வைக்கும் மாற்றுத் திட்டத்தையும் எதிர்த்து கோர்ட்டுக்குப் போனார்கள், பலன் இல்லை. 2022-ல் அங்கே 77 வெண்கலத் தூண்கள் எழுந்தன. துக்கப்படும் எல்லோருக்கும் ஒரே மருந்து கிடையாது என்பதை இந்தச் சண்டை அளவுக்கு வேறெதுவும் காட்டவில்லை.

இப்போது எப்படி?

தேடிப் போகும் முறையால் பெரும்பாலானோருக்கு ஆரம்பத்திலேயே உதவி கிடைத்தது. ஆனால் சிலர் விடுபட்டார்கள். ஓராண்டுக்குப் பிறகுதான் பிரச்சனை தலைதூக்கியவர்களும் உண்டு. அதற்குள் தொடர்பாளரின் போன் நின்றுபோயிருந்தது. 10 ஆண்டுகள் கழித்தும், தப்பியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு பதற்றம், மனச்சோர்வு, தலைவலி போன்ற தொந்தரவுகள் தீரவில்லை.