பதற்றக் கோளாறு யாருக்கு வரும் வாய்ப்பு அதிகம்?

எஸ்.பி.எம் தேர்வுக்கு முந்தைய நாள் வயிற்றைக் கலக்குகிறதா? அது நோய் இல்லை. தேர்வு முடிந்து மாதக்கணக்காகியும் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை, ஜித்ராவிலிருந்து அலோர்ஸ்டாருக்கு பஸ் ஏறவே பயமாக இருக்கிறது என்றால், அதைத்தான் கவனிக்க வேண்டும்.

இது அபூர்வமான ஒன்று அல்ல. 2019-இல் உலகில் சுமார் 30 கோடி பேருக்குப் பதற்றக் கோளாறு இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மலேசியாவில் 13 முதல் 17 வயது மாணவர்களிடம் 2017-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், 5 பேரில் 2 பேருக்குப் பதற்ற அறிகுறிகள் இருந்தன. அறிகுறி இருந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. ஆனாலும் சின்ன எண்ணிக்கை இல்லை.

சரி, யாருக்கு வாய்ப்பு கூடுதல்?

முதலில் குடும்பம். ஒருவருக்குப் பதற்றம் வருவதில் பரம்பரைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருப்பதாக இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. "எங்க வீட்டுல யாருக்கும் அப்படி இல்லையே" என்பீர்கள். தோட்டத்து லயத்தில் வாழ்ந்த பாட்டிக்கு நோயின் பெயரே தெரிந்திருக்காது. 'பயந்த சுபாவம்' என்று விட்டிருப்பாங்க. சில வீடுகளில் 'காத்து கருப்பு' என்று மந்திரித்திருப்பாங்க. அதனால் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். "தாத்தா ராத்திரி தூங்காம நடந்துக்கிட்டே இருப்பாரா? அம்மாச்சி வெளியே போக பயப்படுவாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும்.

அடுத்து வாழ்க்கைச் சூழல். சிறு வயதில் அடி, வன்முறை, பெற்றோரின் இழப்பு, வீட்டில் குடிப்பழக்கம் ஆகியவை பெரியவரான பிறகும் தொடரலாம். பணக் கஷ்டமும் அப்படித்தான். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். அந்தப் பயத்திலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு 'நாளைக்கு என்ன ஆகுமோ' என்பது வெறும் கற்பனை அல்ல.

பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. சிறு வயதிலிருந்தே புது ஆட்களைக் கண்டால் ஒதுங்குபவர்களுக்கும், நீண்ட நாள் நோயாளிகளுக்கும் வாய்ப்பு கூடும்.

இன்னொன்று: தைராய்டு சுரப்பு அதிகமானாலும் இதே படபடப்புதான் வரும். கெட்டியான கோப்பி, எனர்ஜி பானம் இரண்டும் அதைக் கிளப்பிவிடும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் 'எனக்கு ஆங்ஸைட்டி' என்று டிக்டாக் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ப்ளீஸ்.

ஆபத்துக் காரணி என்றால் 'வந்தே தீரும்' என்பதல்ல. மேலே சொன்ன எல்லாம் இருந்தும் நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. எதுவும் இல்லாமல் வந்தவர்களும் உண்டு. வந்துவிட்டாலும் பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து, இரண்டுமே பலன் தரும்.

எங்கே தொடங்குவது? அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கே போதும். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். மருத்துவர் தேவையென்று கருதினால் பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார். கிளினிக் போகத் தயக்கமாக இருந்தால், சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555-க்கு அழைக்கலாம்.